சாயத்தில் காய்த்த கையும் மீன்தொட்டி ஹீட்டரும்

எண்பதுகளின் தொடக்கத்தில் இளம்பிள்ளையில் நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவியின் தம்பி சங்ககிரியில் லாரி டிரைவர். தூத்துக்குடிக்கு உப்பு லோடு ஏற்றப் போனவன், ஒரு ஐப்பசியில் ஏழெட்டு கேன் கடல்தண்ணீரும் இரண்டு ஆரஞ்சு நிற மீன்களும் கொண்டுவந்து இறக்கினான். மீன்களின் உடம்பில் வெள்ளைப் பட்டை, சேலைக் கரை மாதிரி.

"தை பொறந்து வாரேன். அதுக்குள்ள கொன்னு போடாதீங்க மாமா" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்புக்காகவாவது இரண்டையும் காப்பாற்றிக் காட்ட வேண்டும் என்றிருந்தது.

கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி அந்தக் கடல்தண்ணீரிலேயே விட்டேன். கார்த்திகைக் குளிரில் மீன்கள் மூலையில் ஒடுங்கின. தொட்டிக்குள் போடும் ஹீட்டர் வாங்கச் சேலம் போனேன். தொட்டி எத்தனை லிட்டர் என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரிந்தது குடக் கணக்கு. ஐந்து குடம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, கைகளை விரித்து நீளம் காட்டினேன். ஐம்பது வாட் போதும் என்று ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். அது தானாக அணையாது, அதனால் தெர்மாமீட்டரும் வாங்கிக்கொள் என்றார். வேண்டாமென்று தலையாட்டினேன். ஆவி பறக்கும் சாயத்தொட்டியில் இருபது வருஷமாகக் கைவிட்டுச் சூடு பார்க்கிறவனுக்குக் கண்ணாடிக் குச்சி எதற்கு?

தினமும் காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீரில் கைவைப்பேன். சில்லென்றே இருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பத்து நாள் மனதுக்குள் திட்டினேன். மறுபடி போய், பெரியதாகக் கொடுங்கள் என்றேன். தொட்டி பெரியதா, வீடு குளிரா என்று என்னென்னவோ கேட்டார். கடையை விட்டு வெளியேறினால் போதுமென்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். இருநூறு வாட் கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை ஒரு மீன் செத்து மிதந்தது. இன்னொன்று மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. பிளக்கைப் பிடுங்கிக் கைவிட்டேன். லேசான வெதுவெதுப்புத்தான். இதுவும் பத்தவில்லை என்று எரிச்சலாகச் சொன்னேன். மனைவி வந்து கையை விட்டவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"ஏனுங்க, இதா பத்தல? கொழந்தைக்கு ஊத்துற வெந்நியாட்டம் சுடுதுங்க."

மறுபடி வைத்துப் பார்த்தேன். எனக்குச் சுடவில்லை. அவள் என் உள்ளங்கையைத் திருப்பி, காய்த்துப்போன தோலை நகத்தால் கீறிப் பார்த்தாள். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

டேபிள் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தோம். மத்தியானம் தாண்டி அந்த ஒற்றை மீன் அடியில் இறங்கி நீந்த ஆரம்பித்தது. ஐம்பது வாட்டையே திரும்பப் போட்டேன். அதன்பின் காலையில் கைவைத்துப் பார்ப்பது அவள் வேலை. நான் பக்கத்தில் நின்று அவள் முகத்தைப் பார்ப்பேன். என் வேலையை இன்னொருவர் செய்வது வயிற்றெரிச்சலாக இருந்தது.

தையில் வந்தவன் தொட்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னொன்னு எங்கீங்க மாமா?"

"எங்கையால போச்சு மாப்ள."

அவன் சிரிக்கவில்லை. அடுத்த லோடுக்கு ஜோடி பிடித்து வரட்டுமா என்று கேட்டான். மீன் வேண்டாம், சேலத்தில் அந்தக் கடையில் ஒரு தெர்மாமீட்டர் மட்டும் வாங்கிவா என்றேன். எனக்கென்று சொல்லாதே என்றும் சொன்னேன்.