காப்பு அவிழ்த்த பிறகு

செஞ்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். மாசி மகத்துக்கு அந்த ஊர்ச் சாமியைப் பல்லக்கில் வைத்துப் புதுச்சேரிக் கடலுக்குச் சுமந்துகொண்டு நடப்பார்கள். பல்லக்குத் தண்டைச் சுமக்க ஆள் குறைந்ததால் என் கையிலும் காப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். அது கையில் இருக்கும்வரை செருப்பு கிடையாது. சாவு வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகக் கூடாது. சாமி கடலில் முழுகிய பிறகுதான் அவிழ்ப்பார்கள்.

எனக்கு முன்னால் தண்டு சுமந்தவனின் மனைவி கிட்னி கெட்டு, புதுச்சேரி கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் பிழைக்கத்தான் அவன் சுமந்தான். அவனுடைய உள்ளங்காலில் கொப்புளங்கள் உடைந்து தோல் தொங்கியது.

கடைசி நாள் காலையில் கோரிமேட்டில் பல்லக்கை இறக்கி டீ குடித்தோம். எதிரே ஆஸ்பத்திரி வாசல்.

“நாட்டாமை, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். மச்சினி போன் பண்ணா. என்னக் கேக்கறாளாம்.”

“காப்பு கட்டினு உள்ள போவியா? அவளுக்குத்தான்டா ஆவாது. சாமி முழுகட்டும், அப்புறம் ஓடு.”

“பொண்டாட்டிய வுட்டு இருக்க முடியலயாம், பாவம்” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுத் தண்டுக்குக் குனிந்தான்.

முத்தியால்பேட்டைக்குள் நுழையும்போது நாட்டாமைக்கு போன் வந்தது. பேசி முடித்து என் காதோரம் வந்தார். “போயிட்டாளாம். மூச்சு வுடாத. தெரிஞ்சா அவன் தண்ட வுட்டு எறங்கணும். கடல் கிட்ட வந்து சாமி ரோட்ல நிக்கும்.”

நான் வாயைத் திறக்கவில்லை. கடற்கரையில் பல ஊர்ச் சாமிகள் நின்றன. எங்கள் சாமி முழுகியது. அவன் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்தான். அவளுக்கென்று குங்குமம் மடித்துக்கொண்டான். நாட்டாமை அவன் காப்பை அவிழ்த்தார். பிறகு சொன்னார்.

“எப்ப?” என்றான்.

அவர் பல்லக்கைத் துடைக்கப் போய்விட்டார். “முத்தியால்பேட்ட வரசொல்ல” என்றேன் நான்.

“அப்ப டீ குடிக்கசொல்ல உயிரோட இருந்தா.”

சாமியைத் திருப்பிச் சுமக்க வேண்டியவர்கள் சாவுக்குப் போகக் கூடாது என்பதால் யாரும் அவனுடன் வரவில்லை. நான் என் காப்பையும் அவிழ்த்துவிட்டுப் போனேன். கூட்டத்தில் ஆட்டோ எதுவும் நுழைய முடியவில்லை. அவன் கால் புண்ணில் மணலோடு வந்த வழியே திரும்ப நடந்தான்.

பிணவறைக்கு வெளியே மச்சினி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் ஈர வேட்டியைப் பார்த்தாள்.

“சாமி முழுகிடுச்சா மாமா?”

“ஆச்சு” என்றான்.