சனிக்கிழமை மணம்

வெள்ளவத்தையில் இன்று அடுக்குமாடியின் லிப்டுக் கதவை யாரோ மண்ணெண்ணெயில் துடைத்திருந்தார்கள். அந்த மணத்தில், இந்தக் கட்டிடம் எழும்புவதற்கு முன் இங்கிருந்த ஜெப மண்டபம் என் நினைவில் வந்து நின்றது. மெதடிஸ்ட், அங்கிலிக்கன், பப்டிஸ்ட் சபைகளிடமும் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரிடமும் நாலைந்து பேர் அமரக்கூடிய பழைய மர வாங்கை ஆளுக்கொன்றாகக் கேட்டெடுத்து, எல்லாச் சபையாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஜெபிக்கவென்று எங்கள் போதகர் ஐயா உருவாக்கிய மண்டபம் அது. அந்த வாங்குகளில் இப்போது ஒன்றுகூட மிச்சமில்லை.

கறையான் அரிக்காமல் சனிக்கிழமைதோறும் அம்மாவும் நானும் அவற்றை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்போம். ஞாயிறு ஆராதனையில் பாட்டோடு அந்த மணமும் எங்கள் உடுப்பில் ஏறிவிடும்.

மண்டபத்து ஜன்னலுக்கு யாரோ எறிந்த கல் இரண்டாவது தடவையும் விழுந்தபோது அம்மா கெஞ்சினார்.

"ஐயா, கதவையாவது பூட்டி வையுங்கோ."

"ஒண்டா ஜெபிக்க வாறவைக்குப் பூட்டு ஏன், தங்கச்சி?"

ஐயா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

புதன் பின்னேரங்களில் ஐயா அங்கே தனியாக முழந்தாளிட்டிருப்பார். அப்படியொரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு அம்மாவோடு வரும்போது, தெருமுனையிலேயே அந்த மணம் அடித்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"இந்தக் கிழமை நாங்கள் இன்னும் துடைக்கேல்லையே," என்றார்.