மேனேஜர் வயிற்றுக்கு ஒரு கிரேக்கப் பெயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனி ஒன்றில், தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதும் நான்தான்.

எங்கள் லைனில் தினமும் காலைக் கூட்டத்தில் ஒருவர் ஓர் ஆங்கில வார்த்தை சொல்லவேண்டும். பொருளையும் பிறந்த கதையையும் சொல்லி, எல்லாரையும் சத்தமாகத் திருப்பிச் சொல்லவைத்து, கடைசியில் ஒரு வாக்கியத்தில் அமைத்துக் காட்டவேண்டும். போன ஆடி மாதம் மேனேஜர் ஓர் ஆசை காட்டினார்: ஜப்பானிலிருந்து வருகிறவர்களுக்குக் கம்பெனியைச் சுற்றிக்காட்டும் வேலை, அந்த வாரம் நன்றாகப் பேசுகிறவருக்கு. எனக்கு அது வேண்டும். மற்றவர்கள் 'டீம்வொர்க்', 'பங்க்சுவல்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். நான் அகராதியைக் குடைந்து 'போர்பரிக்மஸ்' கொண்டுபோனேன்.

வயிறு இரையும் சத்தத்துக்குப் பெயர் அது. அந்தச் சத்தம் மாதிரியே ஒலிக்கட்டும் என்று கிரேக்கர்கள் உண்டாக்கிய சொல். விளக்கி முடிப்பதற்குள் பக்கத்து மேஜை அக்கா குறுக்கிட்டார்.

"இன்னாடி, இதுக்கெல்லாமா பேரு? எனக்கு டெய்லி வருது. நான் பசின்னு நெனச்சிக்கினு இருந்தேன்!"

அன்று ஆடி வெள்ளி. பாதிப் பேர் பெரியபாளையத்து அம்மனுக்கு விரதம். மீதிப் பேருக்குக் கூட்டம் முடிந்தால்தான் நாஷ்டா. அத்தனை காலி வயிறுகளும் சேர்ந்து "போர்பரிக்மஸ்!" என்று முழங்கி ஓய்ந்தன. அந்த அமைதியில் மேனேஜரின் சட்டைக்குள்ளிருந்து, நீளமாக, தெளிவாக, ஓர் உதாரணம் வந்தது.

"சார் கரீட்டா சொல்ட்டாரு!" என்றார் அக்கா.

லைனே உருண்டு சிரித்தது. ஜப்பான்காரர்கள் என் கையைவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். மேனேஜர் முகம் சிவந்து, "வாக்கியம் எங்கம்மா?" என்றார்.

பயந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். படித்த திமிர் விடவில்லை. "மேனேஜரின் போர்பரிக்மஸ், அவர் நடத்தும் கூட்டத்தைவிடச் சுருக்கமானது" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுற்றிக்காட்டும் வேலையை எனக்கே கொடுத்தார். அந்த வார்த்தையை மட்டும் விருந்தினர் முன்னால் எடுக்கக்கூடாது என்று நிபந்தனை.

அக்காவுக்கு நம்பிக்கையில்லை. "மொதல்ல அவங்கள கேன்டீனுக்கு இட்டுனு போயி இட்லியக் குடுத்துடு. வர்றவங்க வயிறு கத்திச்சுன்னா நீ சும்மா இருக்கமாட்ட!"

அப்படியே செய்தேன்.