முப்பத்தாறு அளவுச் சட்டை

போன தை மாதம், எங்கள் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த சமயத்தில் நடந்தது இது. ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் இருக்கிறோம். என் கணவர் ஜீப் டிரைவர். பெரிய உடம்புக்காரர். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே அவர் வயிறு அடங்குவதே பெரிய விஷயம் என்று கூட ஓட்டுகிறவர்கள் கேலி செய்வார்கள். அந்த வயிற்றில்தான் புற்றுநோய் வந்தது.

சேலத்து ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் மறைக்கவில்லை. அப்பா இருக்கும்போதே நிச்சயத்தை முடித்துவிடலாம் என்று சொன்னதே அவர்கள்தான்.

ஆனால் இவர் வரமாட்டேன் என்றார். கோயிலுக்கு வருவதைக்கூட அப்போது நிறுத்தியிருந்தார். பூசை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் இவரைப் பார்த்துக் கண்ணைத் துடைப்பார்கள். அது இவருக்குத் தாங்கவில்லை. நிச்சயத்துக்கென்று நான் தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தவர், அப்படியே கழற்றிக் கட்டிலில் போட்டார்.

"ஆணியில மாட்டுன மாதிரி தொங்குது. உன் தம்பிய நிக்கச் சொல்லு, புள்ள."

மகள்தான் சமாதானம் சொன்னாள். "ஸ்லிம் ஃபிட் சட்டை எடுத்தா சரியா இருக்குங்கப்பா. இப்ப எல்லாரும் அதானே போடறாங்க?" எனக்கு அதில் விருப்பமே இல்லை. உடம்போடு ஒட்டினால் எலும்பெல்லாம் தெரியுமே, தொளதொளவென்று இருந்தாலாவது மறைக்குமே என்று நினைத்தேன்.

மறுநாள் ஒண்டிக்கடைக் கடைவீதிக்குப் போனோம். ரெடிமேட் கடை வைத்திருந்தவர் எங்களுக்கு முன்பின் தெரியாதவர். ஸ்லிம் ஃபிட் என்றதும் உற்சாகமாகிவிட்டார். "சாருக்கு அதான் எடுப்பா இருக்குமுங்க. உடம்ப நல்லா மெயின்டெயின் பண்றீங்க. ஜிம்முக்குப் போறீங்களா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இவர் மட்டும் சாதாரணமாகச் சொன்னார்.

"இல்லைங்க. வயித்துக்குள்ள ஒருத்தன் உக்காந்துட்டு எனக்கும் சேத்துத் தின்னுட்டு இருக்கறானுங்க."

கடைக்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, "அளவு எடுத்துடலாங்களா?" என்றார். தோள், மார்பு, கை என்று நிதானமாக எடுத்தார். இவர் எவ்வளவு என்று கேட்டார். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். கடைக்காரர் பார்த்தாரோ இல்லையோ, "முப்பத்தாறுங்க" என்று சொல்லிவிட்டார்.

"நாப்பத்திரெண்டு போட்டவன்" என்றார் இவர். அவ்வளவுதான்.

என் பிடிவாதத்துக்காக ஒரு பெரிய சட்டையையும் எடுத்துக்கொண்டு டிரயல் ரூமுக்குள் கூடவே போனேன். அவரால் தனியாகப் பட்டன் போட முடியாது. சட்டையைக் கழற்றியபோது அந்தச் சின்ன அறையின் டியூப்லைட் வெளிச்சத்தில், கண்ணாடியில் அவர் முதுகைப் பார்த்தேன். தினமும் தண்ணீர் ஊற்றித் துடைக்கிற முதுகுதான். ஆனாலும் ஒவ்வோர் எலும்பும் தனித்தனியாகத் தெரிய, அவசரமாகப் பெரிய சட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன்.

பெரிய சட்டையில் தோள்பட்டைத் தையல் பாதிக் கைக்கு இறங்கிவிட்டது. அடுத்து அந்த முப்பத்தாறு, வெளிர்நீலம். தையல் தோளின் மேலேயே நின்றது. ஒல்லியான, சோர்ந்த மனிதர் ஒருவர் நின்றார். ஆனால் பழைய ஆளின் சட்டைக்குள் காணாமல் போனவராக இல்லை. ரொம்ப நேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்பத்தான் நா எங்க இருக்கறன்னு தெரியுது" என்றார்.

கழுத்து மட்டும் நாலு விரல் நுழையத் தொளதொளத்தது. கடைக்காரர் அங்கேயே உட்கார்ந்து காலர் பட்டனைப் பிரித்துத் தள்ளித் தைத்துக் கொடுத்தார். அதுவரை வந்த ஆட்களை, "செத்த பொறுங்க" என்று வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

நிச்சயத்தன்று இவர் நின்றார். உட்காருங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், கேட்கவில்லை. மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வலி வந்தபோது தோளை மட்டும் லேசாகச் சாய்த்தார். எனக்கும் மகளுக்கும் மட்டும்தான் அது தெரிந்தது.

மாசி முடிவதற்குள் அந்தச் சட்டையும் அவருக்குப் பெரிதாகிவிட்டது. ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு, "லூசாயிருச்சா, புள்ள?" என்று கேட்டார். இல்லையே என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, லூசாயிருச்சு" என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்தார். அன்றைக்குத்தான் தன்னை எங்கே அடக்கம் செய்ய வேண்டும், ஜீப்பை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் பேசினார். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. பங்குனியில் போய்ச் சேர்ந்தார். கல்யாணத்தில் என் தம்பிதான் நின்றான்.

இப்போதெல்லாம் நோயில் இளைத்துப்போன யாரைப் பார்த்தாலும், நல்லாத்தானே இருக்கீங்க என்று நான் சொல்வதில்லை. எப்படி இருக்குதுங்க என்று கேட்டுவிட்டு, அவர்கள் என்ன சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.