மசி ஈன்ற மஞ்சள் குட்டிகள்

என் நாத்தனாரின் தொழில் தலைமுடிக்குச் சாயம் பூசுவது. எங்கள் தெருவில் யாருடைய கறுப்பு பிறவிக் கறுப்பு, யாருடையது கிண்ணத்தில் குழைத்த கறுப்பு என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் மூச்சுவிட மாட்டாள். என் தலையும் அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. காதோரம் பார்த்தாலே தெரிந்துவிடும் செய்தியை நான் மறைத்துப் பயனில்லை.

கணவர் மறைந்தபின் அவள் ஒரு பெட்டியோடும், ஒரு சாய்வு நாற்காலியோடும், மசி என்னும் கறுப்பு லாப்ரடாரோடும் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தாள். நாற்காலி ஓரமாக இருக்கட்டும் என்றேன். நாயும் ஓரமாகவே இருக்கட்டும் என்றேன். நாற்காலி என் சொல்லைக் கேட்டது. நாய் கூடத்தின் நடுவில் படுத்துக்கொண்டது. அன்றுமுதல் நான்தான் ஓரமாகப் போய்வருகிறேன்.

மசிக்கு அவள் பார்த்த வரன், அடுத்த தெருப் பல் மருத்துவர் வளர்க்கும் இருட்டு என்னும் லாப்ரடார். பெயருக்கேற்ற கறுப்பு.

"சம்பந்தியம்மா, எங்க பையன் அசல் கறுப்பு. வேற நிறத்துல ஒரு முடி காட்டுங்க பாக்கலாம்" என்று மருத்துவர் மீசையைத் தடவிக்கொண்டே சொல்வார். அந்த மீசையின் கறுப்பு நாத்தனாரின் கைவண்ணம். அவள் இருட்டைப் பார்த்து மட்டும் தலையசைப்பாள்.

பிறக்கும் குட்டிகளில் ஒரு கறுப்புக் குட்டி மருத்துவருக்கு. தகப்பன் இருட்டுதான் என்று அவர் கையெழுத்திட்டுத் தரவேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் குட்டிகளை அசல் ஜாதிக் குட்டிகள் என்று நாய் வளர்ப்போர் சங்கம் ஏற்காது. இதுவே ஏற்பாடு.

மசி ஈன்றபோது குட்டிகளில் இரண்டு வெண்ணெய் உருகியதுபோல் மஞ்சளாக இருந்தன.

"கறுப்பும் கறுப்பும் சேர்ந்தா மஞ்சள் எப்படி வரும்? ரெண்டு சொட்டு மையைக் கலந்தா எலுமிச்சைச் சாறா வரும்?" என்று கேட்டேன். மிகவும் அறிவார்ந்த கேள்வி என்று அப்போது எனக்குத் தோன்றியது.

"அவ வெளியவே போகல அண்ணி. நான் கூடவே இருந்தேன்."

"நீ வேலைக்குப் போன நேரத்துல?"

"அப்ப நீங்க இருந்தீங்க."

காவலில் குறை இல்லையென்றால் கள்வன் கைதேர்ந்தவனாக இருக்கவேண்டும் அல்லவா? கீழ்வீட்டில் திரைச்சீலை தைப்பவரிடம் ஒரு மஞ்சள் நாய் இருந்தது. அது படியேறி வந்து எங்கள் கதவைத் தீய எண்ணத்தோடு பார்த்தது எனக்கு மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. குட்டிகளைப் பார்க்க வந்த மருத்துவர் கேட்டபோது, அதை அவரிடமும் விளக்கமாகச் சொல்லிவைத்தேன்.

"வீட்டுக்காரங்களே சொல்றாங்க. நான் எப்படிக் கையெழுத்துப் போடறது மேடம்?" என்றார் அவர். சம்பந்தியம்மா என்ற அழைப்பு அன்றே நின்றுபோயிற்று.

நாத்தனார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தட்டில் போட்டதைத் தொடாமல், "எல்லாக் குட்டியையும் ஏதோ கலப்புன்னு சொல்லிக் குடுத்துடலாம். ஊர்ல யார் நிறத்தையும் நான் பொய்னு சொன்னதில்ல. மசியோட நிறத்தை மட்டும் பொய்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

ஏதாவது செய்தாக வேண்டும் என்று கீழ்வீட்டுக்கு இறங்கிச் சென்றேன்.

"உங்க நாயைக் கட்டிப் போடக் கூடாதா?"

"எதுக்கும்மா?"

மிகுந்த நாகரிகத்தோடு, சுற்றிவளைத்து விளக்கினேன். அவர் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்.

"அது பொட்டைம்மா."

"நல்லாத் தெரியுமா?"

"ரெண்டு தடவை குட்டி போட்டிருக்கு. வேற எப்படித் தெரியணும்?"

மேலே ஏறிவரும்போது அந்த நாய் என்னைப் பார்த்தது. தீய எண்ணம் ஏதும் அதனிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

குட்டிகளைச் சோதிக்க வந்த கால்நடை மருத்துவரம்மா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "ஒவ்வொரு குட்டிக்கும் அம்மாகிட்டேருந்து ஒரு பங்கு, அப்பாகிட்டேருந்து ஒரு பங்கு வரும். ஒரு கறுப்புப் பங்கு இருந்தாலே போதும், கூட இருக்கற மஞ்சள் பங்கு வெளிய தெரியாது. ரெண்டு பக்கமும் மஞ்சளே வந்து விழுந்தா, குட்டி மஞ்சள். மசிகிட்ட அது ஒளிஞ்சிருக்கு. இருட்டுகிட்டயும் இருக்கணும்."

இதை நாத்தனார் தொலைபேசியில் சொன்னபோது, "எங்க பையன்கிட்ட மஞ்சளே கிடையாது மேடம்" என்று பல் மருத்துவர் முடித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து என் கடைவாய்ப் பல்லின் ஈறு வீங்கியது. வேறு பல் மருத்துவரைத் தேடும் நிலையில் நான் இல்லை. நாத்தனார் துணைக்கு வந்தாள். மருத்துவர் என்னைச் சாய்வு இருக்கையில் கிடத்தி, மரத்துப்போக ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்தார். அப்போதுதான் எதிர்ச்சுவரில் அந்தப் படத்தைக் கண்டேன். இன்னும் சற்று இளமையான மருத்துவர் புல்தரையில் அமர்ந்திருந்தார். மடியில் ஒரு கறுப்புக் குட்டி. அதை நக்கிக்கொண்டிருந்தது தளதளவென்ற ஒரு மஞ்சள் லாப்ரடார்.

நான் கத்தினேன். பஞ்சுக்குள்ளிருந்து அது முனகலாக வந்தது.

"வலிக்குதாம்மா? இன்னொண்ணு போட்டுடலாம்" என்று மறு ஊசியையும் போட்டார். முகத்தில் பாதி விடைபெற்றுக்கொண்டது. வேறு வழியின்றிக் கையை நீட்டிச் சுவரைக் காட்டினேன். நாத்தனார் எழுந்து சென்று படத்தைப் பார்த்தாள்.

"இது யாரு டாக்டர்?"

"அது இருட்டோட அம்மா. தங்கமான நாய்."

"நிறமும் தங்கமாத்தான் இருக்கு."

"அம்மா மஞ்சள்னா என்ன மேடம்? பையன் கறுப்புதானே?"

அவர் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாதது இல்லவே இல்லை என்று என்னைப் போலவே நம்பியிருந்தார். அந்தப் புத்திசாலிகளின் கூட்டத்தில் எனக்கு ஒரு துணை கிடைத்தது.

"அவ பையனுக்குக் குடுக்க அவகிட்ட மஞ்சளைத் தவிர வேற என்ன இருந்தது?" என்றாள் நாத்தனார். மருத்துவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீசைக்குக் கை போயிற்று. "உங்க மீசையைப் பார்த்து நான் என்னிக்காவது ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? எங்க பொண்ணை மட்டும் கேட்டீங்களே சம்பந்தி."

மருத்துவரிடம் பேசவென்று நான் மூன்று நாளாகத் தயாரித்துவைத்திருந்த சொற்பொழிவு பஞ்சோடு தொட்டியில் விழுந்தது. அது தேவைப்படவும் இல்லை. என் பல்லைப் பிடுங்கிய கையோடு அவர் கையெழுத்தைப் போட்டார்.

குட்டியை எடுக்க வந்த மருத்துவர், மஞ்சள் குட்டி ஒன்றையே வெகுநேரம் மடியில் வைத்திருந்தார்.

"இதைக் குடுங்களேன் சம்பந்தியம்மா. அப்படியே இருட்டோட அம்மா ஜாடை."

"பேசினது கறுப்பு. அதையும் எடுத்துக்குங்க, இதையும் எடுத்துக்குங்க. இன்னொரு மஞ்சள் எங்க வீட்டுக்கு."

அந்தக் குட்டிக்கு அவள் வைத்த பெயர் சாட்சி. கீழ்வீட்டு நாய்க்கு எதிராகச் சாட்சி சொன்னவள் நான்; பெயர்க் காரணத்தைக் கேட்கவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்து, படியில் நின்றபடியே, "சாட்சி, இங்க வா" என்று கூப்பிடுகிறாள். குட்டி ஓடுகிறது. எனக்கும் ஒருமுறை தலை திரும்பிவிடுகிறது.