மச்சானைச் சம்மதிக்க வைத்தவர்

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் அவருக்குத் 'தூதர்' என்று பெயர். புதுவகை டேட்டாபேஸுக்குப் பழைய ஆட்களைச் சம்மதிக்க வைப்பது அவர் வேலை. அதைக் கொடுத்த புண்ணியவான்கள் ஆள் பார்த்துத்தான் கொடுத்திருந்தார்கள். பழைய ஆட்களின் தலைவர், தூதருடைய மனைவியின் அண்ணன்.

மச்சானைப் 'பூட்டு' என்பார்கள். நோயாளியின் பெயர் ஒரு அட்டவணையில், பரிசோதனை முடிவு இன்னொன்றில், மருந்து வேறொன்றில் என்று பிரித்து வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்து, வருடக்கணக்காக ஒரு எண் பிசகாமல் காத்தவர். அவரைக் கேட்காமல் உள்ளே ஒரு வரி போகாது. புதியதிலோ ஒரு நோயாளியின் சங்கதி அத்தனையும் ஒரே மூட்டையாக ஓரிடத்தில் கிடக்கும். கேட்டதுமே மச்சானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு டாக்டரோட போன் நம்பர் மாறினா, அது இருக்கற அத்தனை மூட்டையையும் அவிழ்க்கணுமே மாப்பிள்ளை, யோசிச்சீங்களா?"

"அவசியமானத மட்டும் உள்ள வைக்கலாம் மச்சான்."

"எது அவசியம்னு யாரு சொல்றது? நீங்களா?"

கேள்வி நியாயமாக இருந்து தொலைத்ததுதான் கஷ்டம். வீட்டுக்குப் போனால் மனைவி வேறு, "எங்க அண்ணன் மனசு நோகாம பாத்துக்குங்க" என்றாள். புதியதற்கு மாறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்ததை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கடைசியில் ஒருநாள், மேலாளர் சொன்னதை மாடிப்படியில் வைத்து மச்சானிடமே போட்டு உடைத்தார்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றார் மச்சான். மறுநாளே வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். தூதர் எட்டிப் பார்க்கப் போனால் திரையை மறைத்தார். "முடிச்சிட்டுக் காட்டறேன். மேனேஜர் முன்னாடியே பாருங்க." ரோஷக்காரர். தூதர் வற்புறுத்தவில்லை. சம்மதித்தாரே, அதுவே பெரிது என்றிருந்தார்.

அந்த நாளும் வந்தது. மேலாளர் பக்கத்தில் உட்கார, மச்சான் ஒரு நோயாளியின் பெயரைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தூதர் திறந்து பார்த்தார். மூட்டை என்று ஒன்றுகூட இல்லை. பழைய அட்டவணைகளை ஒன்றுவிடாமல், அதே பெயரில், அதே வரிசையில் புதியதற்குள் அடுக்கி வைத்திருந்தார் மனிதர். புது மனையில் பழைய வீட்டையே செங்கல் செங்கலாக எழுப்பியதுபோல. ஒவ்வொரு விவரத்துக்கும் கணினி ஒவ்வோர் அறையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு எண்கூடப் பிசகவில்லை என்பதைப் பார்த்தபோது தூதருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

மேலாளர் தூதர் பக்கம் திரும்பினார். "பழசை விட மெதுவா இருக்கே. கோளாறு நீங்க கொண்டுவந்த சரக்குலயா, இல்ல செஞ்சவங்க கிட்டயா?"

சரக்கில் என்றால் தன் வேலை போகும். ஆளிடம் என்றால் மச்சானுடையது.

"அவரு நல்லாத்தான் சொல்லிக் குடுத்தார் சார்," என்றார் மச்சான். "எனக்குத்தான் மண்டையில ஏறல."

'இல்லை' என்று தூதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. மேலாளர் எழுந்து போய்விட்டார். மச்சான் திரையை அணைத்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளினார்.

"தங்கச்சிகிட்ட நானே பேசிக்கறேன் மாப்பிள்ளை. வேலைய நானா விட்டுட்டேன்னு சொல்லிக்கறேன். நீங்க எதுவும் வாயத் தெறந்துடாதீங்க."

தூதர் சரி என்று தலையாட்டினார்.