பெரிய வீட்டுக் காரின் பின்கதவு

எங்கள் மாமா வாங்கிய கார் தானாக வரவில்லை. டிராக்டர் இழுத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்திருக்க வேண்டும்! டிராக்டர்தான் காருக்குப் பயந்து முன்னால் ஓடுகிறது என்று நினைக்கத் தோன்றும். குடவாசல் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக் கொல்லை வரைக்கும் தெருப் பிள்ளைகள் எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தோம்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. கல்யாண வீடுகளுக்கு மைக்செட்டும் டியூப்லைட்டும் வாடகைக்கு விடுகிறவர். இனிமேல் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பழைய காலத்துக் கார்தான் கேட்பார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மிராசுதார் குடும்பத்தைப் பெரிய வீடு என்றுதான் சொல்வோம். அந்த வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கோழி அடைந்து கிடந்த கார் அது. என்ஜின் ஓடவில்லையே என்று அப்பா கேட்டதற்கு, "ஆனையையே வாங்கியாச்சு, அங்குசத்துக்கா அழப்போறோம்?" என்றார் மாமா.

அம்மாவிடம்தான் ரொம்பப் பெருமை அடித்துக்கொண்டார். "அந்த வீட்டு வயல்ல நம்ம அப்பா ஏர் ஓட்டினாரு. இன்னைக்கு அந்த வீட்டு கார் நம்ம கொல்லையில நிக்கிது. பாத்தியாக்கா?"

ஆரத்தி எடுக்கச் சொன்னார். அம்மா காரை ஒரு தடவை பார்த்தாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இப்படி ஒரு அதிசயம் வாசலுக்கு வந்திருக்கும்போது மாட்டுக்கு என்ன அப்படி அவசரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிசயம்தான், வேறென்ன சொல்வது? அவ்வளவு நீளமான காரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கதவு ஒவ்வொன்றும் எங்கள் நெல் குதிரின் கனம். பின்சீட்டு எங்கள் வீட்டுக் கட்டிலைவிட அகலம். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் முழுக்கண்ணாடித் தடுப்பு வேறு. பின்னால் முதலாளி பேசுவது டிரைவர் காதில் விழக் கூடாதாம். கார் ஓட்டும்போதுகூட ரகசியம் பேசுகிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய பிரமிப்பு.

குறை என்று பார்த்தால் பின்கதவு. ஒரு பக்கத்துக் கதவு எங்கள் கொல்லைத் தகரக் கொட்டகையின் சுவரை ஒட்டி நின்றது, அதைத் திறக்கவே முடியாது. இன்னொரு பக்கத்தில் பூட்டு இறுகிப் போயிருந்தது. மாமா ஒரு கையால் கைப்பிடியைத் திருகி, மறுகையால் கதவில் ஒரு குத்து விட்டால் திறக்கும். சில சமயம் குத்தினாலும் திறக்காது. உள்கைப்பிடி இருந்தது, ஆனால் சும்மா சுற்றும். கண்ணாடி ஏற்றி இறக்கும் பிடிகள் எப்போதோ கழன்று போய்விட்டன.

மறுநாள் மத்தியானம் உள்ளே காற்றாடட்டும் என்று அந்தக் கதவைத் திறந்து போட்டுவிட்டு மாமா ஆயில் வாங்கக் குடவாசல் போனார். சித்திரை வெயில். அப்பா நெல் மூட்டைகளோடு கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்தார். அம்மா பம்புசெட்டு வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் நடக்கத் தொடங்காத தம்பி என் இடுப்பில் இருந்தான். எட்டு வயது ராணியான எனக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? இளவரசனைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ராணிகள் கதவைத் திறந்து போட்டுக்கொண்டா போவார்கள்? இழுத்துச் சாத்தினேன். கோயில் கதவு சாத்துகிற மாதிரி சத்தம் கேட்டது. பிறகு திறக்கவில்லை.

முதலில் கைப்பிடியைச் சுற்றினேன். பிறகு கதவைக் குத்தினேன். பிறகு கத்தினேன். தகரக் கொட்டகை மேலிருந்து கொதித்தது. தம்பி அழுதான், அப்புறம் அழுகையை விட்டுவிட்டு வாயை மட்டும் திறந்து திறந்து மூடினான். அழாமல் இருக்கிறானே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அவன் தலை என் தோளில் துவண்டு விழுந்ததும்தான் கண்ணாடியை அறைய ஆரம்பித்தேன்.

வைக்கோல் அள்ள வந்த பெரியப்பாதான் முதலில் பார்த்தார். கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வருகிற அளவுக்கு இழுத்துப் பார்த்தார். கூட்டம் கூடிவிட்டது. அவர் ஓடிப்போய்க் கடப்பாரை எடுத்துவந்து ஓங்கினபோது அம்மா ஈரப்புடவையோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"வேண்டாங்க! கண்ணாடி அம்புட்டும் புள்ளைங்க மேல கொட்டும்."

"வேற என்ன பண்ணச் சொல்ற? உள்ள வெந்து போயிரும்மா!"

அம்மா கதவுக்கு வெளியே குனிந்து நின்று கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"என் மூஞ்சியப் பாரு. தம்பிய சீட்டுல படுக்க வையி. நீ கீழ ஒக்காரு. கீழ, கால் வைக்கிற எடத்துல."

உட்கார்ந்தேன்.

"கதவுல, ஒன் தோளு ஒசரத்துக்கு, கிழிஞ்சிருக்கா பாரு. இல்லன்னா ஒட்டு போட்டுருப்பாங்க. தடவிப் பாரு."

பழுப்பு நிறக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு வேறு நிறத்தில் ஒரு ஒட்டு இருந்தது. நேற்றிலிருந்து அந்தக் காருக்குள் பத்துத் தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன், அது என் கண்ணில் பட்டதே இல்லை.

"இருக்கும்மா!"

"பிய்யி. நகத்தால பிய்யி. வளையலக் கழட்டிட்டுக் கைய உள்ள வுடு. கம்பி ஒண்ணு தட்டுப்படுதா?"

கதவுக்குள் இன்னொரு இருட்டு அறை இருந்தது. பிசுபிசுப்பும் மண்ணும் கையில் ஒட்டின. குளிர்ந்த கம்பி ஒன்று விரலில் இடித்தது.

"அத டிரைவர் பக்கமா இழு. இழுத்துக்கிட்டே கதவோட கீழ்மூலையில ஒதை. பயப்படாம ஒதைடி என் தங்கம்!"

உதைத்தேன். அதுவரைக்கும் பெரியப்பாவுக்கும் நாலு ஆம்பிளைகளுக்கும் அசையாத கதவு, பொட்டென்று வாயைத் திறந்துகொண்டது. அம்மா தம்பியை வாரி எடுத்துக்கொண்டு பம்புசெட்டுத் தொட்டிக்கு ஓடினாள். தண்ணீரை அடித்து அடித்து அவனை அழ வைத்தபிறகுதான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

எனக்கோ தம்பி பிழைத்ததைவிட அம்மாதான் பெரிய அதிசயமாகத் தெரிந்தாள். கார் வந்ததிலிருந்து அவள் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. கதவுக்குள் கம்பி எங்கே ஓடுகிறது என்பது வரைக்கும் வெளியிலிருந்தே தெரிகிறது என்றால் என்ன அர்த்தம்? அம்மாவின் கண் எதையும் ஊடுருவும்! அதற்குப் பிறகு ரொம்ப நாள் வரைக்கும் வெல்லத்தைத் திருடித் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டுகூட அவள் எதிரில் நிற்க மாட்டேன்.

மாமா திரும்பி வந்து விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். காரை இழுத்துக்கொண்டு போய் இரும்புக் கடையில் போடுகிறேன் என்று குதித்தார். அம்மா விடவில்லை.

"காரு கெடக்கட்டும். பூட்ட சரிபண்ணு. இப்பவே பண்ணு. நான் பாக்கணும்."

மாமா திருகாணிகளைக் கழற்றிக் கதவின் உள் அட்டையைப் பெயர்த்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உள்ளே எவ்வளவு சாமான்! பூட்டின் நாக்கில் பழைய கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. அதன் மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கைப்பிடியிலிருந்து கம்பி கழன்று தொங்கியது. மாமா மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார், கூட்டைச் சுரண்டினார், கம்பியை நிமிர்த்தி மாட்டினார். கதவின் அடியில் சேர்ந்திருந்த குப்பையை வழித்துப் போட்டபோது சிவப்புக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று விழுந்தது.

"யார் வூட்டுப் புள்ளையோடதோ" என்றார் மாமா.

"என்னோடதுதான்" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டின் வளைவைப் பார்த்தால் அந்த வளையல் என் கைக்கே சின்னது. அம்மாவின் கட்டை விரலுக்கு வேண்டுமானால் போடலாம்.

மாமா சிரிக்கவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ அப்ப கைப்புள்ள. அவங்க வூட்டுப் புள்ளையத் தூக்கி வச்சிக்க என்னைய வுட்டுருந்தாங்க. சீட்டுல ஒக்காரக் கூடாது, கீழதான். நீடாமங்கலத்துல ஒரு கல்யாணம். புள்ள தூங்குது, நீ உள்ளேயே இருன்னு சாத்திட்டு எல்லாரும் பந்திக்குப் போயிட்டாங்க. நம்ம புள்ள மாரியேதான், அதுவும் வாயத் தொறந்து தொறந்து மூடிச்சி. கைப்பிடி அப்பவும் சும்மாதான் சுத்திச்சி, அட்டையப் பிச்சிக் கைய வுட்டுக் கம்பிய இழுத்து ஒதைச்சேன், தொறந்துக்கிச்சி."

"அப்புறம்?" என்றார் மாமா.

"வந்து பாத்தாங்க. கதவக் கிழிச்சிட்டேன்னு கன்னத்துல ஒண்ணு வுட்டாங்க. புள்ளைய அவங்ககிட்டயே குடுத்துட்டு ஊருக்கு நடந்தே வந்துட்டேன். திரும்பப் போகவே இல்ல."

இதெல்லாம் என் காதில் விழத்தான் விழுந்தது. ஆனால் என் கவனம் முழுக்க பூட்டின் நாக்கு எண்ணெயில் பளபளப்பதிலேயே இருந்தது. அம்மாவுக்கு ஏதோ கல்யாணத்துக்குக் காரில் போகக் கொடுத்து வைத்திருந்ததே என்று கொஞ்சம் பொறாமைகூட.

மாமா அட்டையைப் பொருத்தி முடித்ததும், "ஏறிப் பாருக்கா" என்றார். கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டார். அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். சீட்டின் நட்டநடுவில் சாய்ந்து உட்கார்ந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். கண்ணாடிக்குள் அவள் முகம் மட்டும் தெரிந்தது. கைப்பிடியைத் திருகினாள். கதவு மெதுவாகத் திறந்தது. ஒரு காலை வெளியே வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, காலை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடியும் சாத்தினாள். மறுபடியும் திறந்தாள். மறுபடியும் சாத்தினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "போதும்மா, அதான் நல்லாத் தொறக்குதுல்ல! நான் ஏறணும்" என்று காலை உதைத்தேன்.

"இருடி" என்று சொல்லிவிட்டு அம்மா இன்னொரு தடவை கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா செய்த வேலையில் அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றுதான் அன்று நான் நினைத்துக்கொண்டேன்.